ஹட்டனா, சியம் ரீப்பா? பிள்ளைகளுக்கான விளையாட்டு முகாமுக்கு எங்கே போகலாம்

எங்கள் சபை வாலிபர்கள் பள்ளி விடுமுறையில் வெளிநாடு போய்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்துவது வழக்கம். கம்போடியாவின் சியம் ரீப் பக்கமும் நடத்தியாயிற்று, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கமும் நடத்தியாயிற்று. இரண்டு இடத்துக்கும் கூடப் போனவன் என்பதால் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரச் சபைகளிலிருந்து, "அண்ணே, எங்கே போனா நல்லது?" என்று தம்பிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் ஓட்டு ஹட்டனுக்கு. ஆனால் சியம் ரீப்பில் இருக்கும் நல்லதை மறைக்கப்போவதில்லை.

சட்டென்று முடியும் விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். போய்வரச் சுலபம் சியம் ரீப்தான். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம், 30 நாள் வரை தங்கலாம். 2023 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் ஊரைவிட்டு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வேன் செலவு கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். கொழும்புக்கு மூன்றரை மணி நேரம். ஆனால் உண்மையான பயணம் இறங்கிய பிறகுதான் ஆரம்பம். ஹட்டனுக்கு மலைப்பாதையில் நாலைந்து மணி நேரம் வளைந்து வளைந்து ஏறவேண்டும்; வேனில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுத்துவிடுங்கள். கொழும்பு–பதுளை ரயிலும் ஹட்டன் வழியாகத்தான் போகிறது. பந்து மூட்டையும் வலையும் தூக்கிக்கொண்டு ஒரு குழுவே அதில் ஏறுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இலங்கைக்கு ஈடிஏ (இணையவழிப் பயண அனுமதி) முன்கூட்டியே எடுக்கவேண்டும். அதன் விதியும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் வாங்கும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தோனேசியாவின் மேடான் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். பினாங்கிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது, நம் பிள்ளைகளின் மலாய் அங்கே நன்றாகவே எடுபடும், தமிழர்களும் இருக்கிறார்கள். ஆனால் சுற்றுலாவாகப் போய் சமய ஊழியம் செய்வதை இந்தோனேசியா கண்டிப்பாகப் பார்க்கும். அந்த வம்பு வேண்டாம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

சியம் ரீப்புக்குச் சபைப் பெரியவர்களிடம் ஆதரவு கூடுதல். ஊழியமும் ஆச்சு, கடைசி நாளில் அங்கோர் வாட் பார்த்த மாதிரியும் ஆச்சு என்ற கணக்கு. அதற்கு ஒருநாள் சீட்டே ஆளுக்கு 37 அமெரிக்க டாலர். அதைக் காணிக்கைப் பணத்தில் எடுக்கலாமா, அவரவர் சட்டைப்பையிலிருந்தா என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். அங்கே போய்ப் பேசினால் முகம் கோணும்.

பருவமும் பள்ளி நாட்காட்டியும் சேர்ந்து வரவேண்டும். நமக்கு நீண்ட விடுமுறை டிசம்பரில். சியம் ரீப்புக்கு அது அருமையான மாதம், மழை இல்லை, வெயிலும் கொல்லாது. ஆனால் அங்கே பிள்ளைகளுக்கு அப்போது பள்ளி நடக்கும். பல ஆரம்பப் பள்ளிகள் காலை, மாலை என இரண்டு வேளையாக நடப்பதால், முகாமையும் அரை நாள் அரை நாளாகப் பிரித்து ஒரே பாடத்தை இரண்டு தடவை நடத்தவேண்டும். ஹட்டனில் டிசம்பர் பெரும்பாலும் விடுமுறை, ஒரே கூட்டம் நாள் முழுக்க இருக்கும். குளிர்தான் பிரச்சினை. 1200 மீட்டருக்கு மேல் உயரம். பேராக் வெயிலில் வளர்ந்த நம் பிள்ளைகள் முதல் நாள் காலையில் திடலில் கைகட்டி நிற்பார்கள், வெறுங்காலோடு வரும் தோட்டத்துப் பிள்ளைகள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அந்த மாதங்களில் போகாதீர்கள். அட்டைப்பூச்சி காலுறைக்குள் ஏறிவிடும்.

என்ன விளையாட்டு என்பதை நிலம்தான் முடிவுசெய்கிறது. சியம் ரீப் சுற்றுவட்டாரம் தட்டையான பூமி, காற்பந்துக்குப் பஞ்சமே இல்லை. நாலு கூம்பு வைத்தால் திடல் தயார். பிள்ளைகளும் காற்பந்தென்றால் உயிரை விடுவார்கள். மலையகத்தில் தட்டையான நிலமே அபூர்வம். இருக்கும் சின்னத் திடலின் ஓரத்திலிருந்து தேயிலைச் சரிவு இறங்கும். பந்து ஒருமுறை கீழே உருண்டால், இரண்டு பையன்கள் கவாத்து வெட்டிய செடிகளுக்கு நடுவே காலைக் கீறிக்கொண்டு இறங்கி, தேடி எடுத்து வருவதற்குள் ஆட்டத்தின் சூடே ஆறிவிடும். அதனால் அங்கே கைப்பந்து (வாலிபால்). 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் போதும். 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டும் அதுதான் என்பதால், தோட்டங்களில் இரண்டு கம்பு நட்ட இடம் எங்காவது இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வலையை இரண்டு மீட்டருக்கு இறக்கிவிடுங்கள், லேசான பந்து கொடுங்கள். இல்லாவிட்டால் கை சிவந்து, மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். காற்பந்து கொண்டுபோனால் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு 4ஆம் எண் பந்து. எல்லாருக்கும் 5ஆம் எண்ணை வாங்கி அடுக்காதீர்கள்.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை, ஹட்டனில் தமிழ், சியம் ரீப்பில் கெமர். ஆனால் அதற்காக நான் ஹட்டன் பக்கம் சாயவில்லை. விளையாட்டைக் கையைக் காட்டியே சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒரு பிள்ளை விழுந்து அழும்போதுதான் மொழி தேவைப்படும், அல்லது முகாம் முடிந்த பிறகு ஏதோ சொல்லவேண்டும் என்று ஒரு பிள்ளை ஓரமாக நிற்கும்போது. அதற்கு நல்ல மொழிபெயர்ப்பாளர் அமைந்தால் சியம் ரீப்பிலும் சமாளிக்கலாம்.

சரி, என்னைச் சாயவைத்தது எது? பந்துப் பெட்டியின் சாவி.

நம் தோட்டங்களின் கதையை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்துக் குழு இருந்தது. குழுவை ஓட்டியது துரை அல்ல. ஒரு கிராணியோ (தோட்டத்துக் கணக்கர்) தமிழ்ப்பள்ளி வாத்தியாரோதான் பந்தையும் வலையையும் தன் அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். சாயங்காலம் அவர் வந்து திறந்தால் ஆட்டம். தோட்டம் துண்டாடப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், சனங்கள் பட்டணத்துக்கு நகர்ந்தபோது அவரும் போனார். திடல் இன்னமும் பல இடங்களில் அப்படியே கிடக்கிறது, ஆட்டம்தான் இல்லை.

வெளிநாட்டு முகாமும் இப்படித்தான். நாம் இருக்கும் ஐந்து நாளும் திருவிழா. விசில், ஒரே நிறச் சட்டை, பாட்டு, பதக்கம். நாம் வேன் ஏறிய பிறகு வரும் சனிக்கிழமை திடலில் யார் நிற்பார் என்பதுதான் கேள்வி. ஹட்டனில் எங்களை அழைத்த சபையில் ஓர் ஆசிரியை இருக்கிறார், தோட்டத்துப் பள்ளியில் படிப்பிப்பவர், கைப்பந்து ஆடியவர். 1970களில் தொடங்கித் தோட்டப் பள்ளிகள் அரசின் கைக்குப் போனதால் அவருக்கு அரசாங்கச் சம்பளம். தோட்டத்தில் வேலை குறைந்தாலும் அவர் அங்கேதான் இருப்பார். நாங்கள் போவதற்கு முன்பே சனிக்கிழமைகளில் பிள்ளைகளை ஆடவைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் போய் அதைத் தொடங்கவில்லை, கொஞ்சம் தெம்பு கொடுத்தோம், அவ்வளவே. காலையில் பிள்ளைகளுக்கு முகாம். பின்நேரம் அந்த டீச்சரோடும் அங்குள்ள வாலிபர்களோடும் மட்டும் தனிப் பயிற்சி. என்னைக் கேட்டால் அந்தப் பின்நேரம்தான் பயணத்தின் உயிர்.

சாமான் விஷயத்திலும் இதே கணக்கு. தைத்த தோல் பந்து சரளைத் தரையில் சீக்கிரமே தோலுரிந்துவிடும். அச்சில் வார்த்த ரப்பர் பந்து பார்க்க மலிவாகத் தெரியும், ஆனால் உழைக்கும். பம்பைவிட முக்கியம் பம்பு ஊசி. அது தொலைந்தால் எல்லாப் பந்தும் தொலைந்த மாதிரி. ஒரு டப்பா நிறையக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஊசியை ஈரம் தொட்டுத்தான் குத்தவேண்டும், காய்ந்த ஊசி பந்தின் வால்வைக் கிழித்துவிடும் என்று டீச்சரின் கையில் கொடுத்துச் செய்துகாட்டினோம். அவர் சிரித்தார். "இது எனக்குத் தெரியும் தம்பி, நீங்க உங்க பசங்களுக்குச் சொல்லுங்க" என்றார். அந்தப் பதிலைக் கேட்டதுமே இங்கே திரும்பி வரலாம் என்று தோன்றிவிட்டது.

சியம் ரீப்பில் எங்களுக்கு அப்படி ஒருவர் அமையவில்லை. போதகர் தங்கமான மனிதர், ஆனால் பல கிராமங்களைப் பார்த்துக்கொள்கிறவர், சனிக்கிழமை அவர் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. பயிற்சி கொடுத்த வாலிபர்களும் வேலை தேடிப் புனோம் பென் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். குறை சொல்ல முடியுமா? வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஹட்டன் பக்கமும் வாலிபர்கள் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் வளைகுடா நாடுகளுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். டீச்சருக்கு இடமாற்றம் வந்தால் எங்கள் கதையும் அதேதான். அதற்கு இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டீச்சரை நச்சரித்து வருகிறோம்.

இன்னும் இரண்டு விஷயங்களை உரக்கச் சொல்லவேண்டும். கம்போடியாவில் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்வதற்கும், உதவிப்பொருளைக் காட்டி ஆள் சேர்ப்பதற்கும் அரசு தடை விதித்திருக்கிறது. சப்பாத்து கொடுத்துவிட்டு வேதக்கதை சொல்வதை நாம் அன்பென்று நினைக்கலாம், பார்க்கிறவர் அப்படி நினைக்கமாட்டார். மலையகத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக்கள். பெற்றோரிடம் வாங்கும் சம்மதக் கடிதத்தில், சபை நடத்தும் முகாம் இது, இத்தனை மணிக்கு வேதக்கதை, விருப்பமில்லாதவர்கள் அந்நேரம் விளையாடிக்கொண்டிருக்கலாம் என்று தமிழில் தெளிவாக எழுதுங்கள். சிறுபான்மையாக வாழ்ந்து பழகிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது, சியம் ரீப் போனால் யாராவது 'ஆதரவற்றோர் இல்லம்' ஒன்றுக்கு அழைப்பார்கள். கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டார் வரவர, காட்டுவதற்குப் பிள்ளைகளும் தேவைப்படும். அந்த அழைப்பை மரியாதையாகத் தட்டிக்கழியுங்கள். முகாம் பள்ளியிலோ கிராமத் திடலிலோ நடக்கட்டும், சாயங்காலம் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குப் போகட்டும்.

மலையகம் போகும் குழுவுக்கு வேறொரு எச்சரிக்கை. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள், மலையகத்தாருடைய பாட்டன்மார் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி நடந்தே மலையேறினார்கள். லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை, பார்த்ததும் நம் வாலிபர்களுக்குக் கண் கலங்கும், உடனே கைப்பேசியை எடுப்பார்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை யாரும் தன் பக்கத்தில் போடக்கூடாது என்று முதல் நாளே கட்டளை போட்டுவிடுங்கள். அவர்கள் நம்மிடம் விளையாட வந்தவர்கள், நம் பழைய நினைவுக்குச் சாட்சி சொல்ல வந்தவர்கள் அல்ல.

கம்போடியாவைப் பற்றி நான் சொன்னதெல்லாம் சியம் ரீப் ஓரத்துக் கிராமங்களை வைத்து மட்டும்தான். பட்டம்பாங், புனோம் பென் பக்கமெல்லாம் வேறு மாதிரி இருக்கலாம். அங்கே உங்கள் சபைக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியரோ, வாராவாரம் திடலுக்கு வரும் பயிற்சியாளரோ இருந்தால் என் கணக்கு மாறிவிடும், தாராளமாக அங்கேயே போங்கள். எங்கள் அடுத்த குழு ஹட்டனுக்குத்தான். இம்முறை ஆளைக் குறைத்து, ஒரே வேனில் அடங்குகிற மாதிரி போகிறோம். பிள்ளைகளுக்கான முகாமில் ஒரு நாளைக் குறைத்து, அதைப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.