ஜாம்பஜார் மீனும் பைண்டு செய்த தொடர்கதையும்

இந்த முறை ஊரில் கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. மெல்போர்னில் சேர்த்து வைத்திருந்த லீவை மொத்தமாகப் போட்டுவிட்டு ஜூன் நடுவில் கிளம்பினேன். ஐந்து வாரம். அம்மா இருந்தபோது நாங்கள் குடியிருந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, திருவல்லிக்கேணியிலேயே ஒரு சின்ன போர்ஷன் வாடகைக்குக் கிடைத்தது. சமையலறையில் ஜன்னல், மேலே மொட்டைமாடி. செய்ய நினைத்தது இரண்டே வேலை: பழைய புத்தகமும் கேசட்டும் தேடுவது, வீட்டில் சமைத்துச் சாப்பிடுவது. இந்த இரண்டுக்கும் யார் யார் கைகொடுத்தார்கள், எங்கே சிரமப்பட்டேன் என்று எழுதி வைத்தால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

முதலில் அடுப்பு. வீட்டு ஓனர் ஸ்டவ் கொடுத்தார், சிலிண்டர் இல்லை. ஐந்து வாரத்துக்காகப் புது இணைப்பு வாங்க முடியாது. இண்டேனில் 'சோட்டு' என்று 5 கிலோ சிலிண்டர் விற்கிறார்கள். முகவரிச் சான்று கேட்பதில்லை, அடையாள அட்டை ஒன்று போதும், பெட்ரோல் பங்க்கிலேயே வாங்கலாம். கொண்டுவந்து கொடுத்த தம்பி ரெகுலேட்டரை மாட்டி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்துவிட்டுத்தான் போனார். ஒருத்தி சமையலுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் வந்தது.

அடுத்தது பணம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கு இங்கே வங்கிகள் கொடுக்கும் என்ஆர்ஈ கணக்கை வைத்து ஆஸ்திரேலிய நம்பரிலேயே யுபிஐ போட்டுக்கொள்ளலாம். 2023-ல் இருந்து இந்த வசதி இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே செய்துகொள்ளுங்கள். இங்கே வந்து சிம், ரோமிங், ஓடிபி என்று திண்டாட வேண்டாம். நடைபாதைப் புத்தகக் கடை, கீரைக்கார ஆயா, மாவு மில் எல்லா இடத்திலும் க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிறார்கள்.

இனி தேடிப் போன விஷயம். அம்மா வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்துச் சேர்ப்பார். கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து, முதல் பக்கத்தில் தன் பெயரையும் வருஷத்தையும் எழுதுவார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இது நடந்தது. விகடன், கல்கி, குமுதம் மூன்றும் மாறி மாறி வாங்கிப் படித்த தலைமுறை அது. கதை பின்னால் புத்தகமாக வந்தாலும் வாரா வாரம் வந்த ஓவியங்கள் அதில் இருக்காது, அதனால்தான் பைண்டு. எங்கள் வீட்டில் ஒரு மர அலமாரி நிறைய இருந்தது. வீடு காலி செய்த அவசரத்தில் எல்லாம் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயிற்று. நான் அப்போது வெளிநாட்டில் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

பாரதி சாலை என்று போர்டில் இருக்கும், ஆனால் பைகிராப்ட்ஸ் ரோடு என்று சொன்னால்தான் பழைய ஆட்களுக்குப் பிடிபடும். ஞாயிற்றுக்கிழமை அதன் நடைபாதையில் பழைய புத்தகங்கள் பரப்பிவிடுவார்கள். போட்டித் தேர்வு கைடு, மருத்துவப் புத்தகம், இங்கிலீஷ் நாவல் இவைதான் முன்வரிசை. தமிழ் எப்போதும் பின்னால், கயிறு அவிழ்க்காத கட்டாகக் கிடக்கும். பைண்டு செய்த தொகுப்புக்கு முதுகில் பெயர் இருக்காது. ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்தால்தான் உண்டு. குனிந்து குனிந்து பார்ப்பதற்கு ஒரு சின்ன முக்காலி கொண்டுபோனேன், நல்ல யோசனை அது.

"இன்னாக்கா தேடுறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். சொன்னேன்.

"பைண்டிங்கா? அது வந்தா நிக்காதுக்கா. யாராவது வீடு காலி பண்ணாத்தான் நமக்கு வரும். நம்பர் குடுத்துட்டுப் போங்க."

கொடுத்தேன். ஒரு பழைய அம்புலிமாமாவும் மூன்று ராணி காமிக்ஸும் வாங்கினேன். மூன்று மணிக்கு மேல் திடீரென்று மழை. அவர் ஒரே இழுப்பில் தார்ப்பாயை இழுத்து மூடிய வேகத்தைப் பார்க்க வேண்டும், ஒரு அட்டைகூட நனையவில்லை. இந்த மாதிரிக் கடைகளில் ஒரு நாள் போய் எல்லாம் கிடைக்க வேண்டும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். முதல் ஞாயிறு முகம் காட்ட, இரண்டாவது ஞாயிறு பேச, மூன்றாவதில்தான் உள்ளே இருக்கிற கட்டு வெளியே வரும். அதற்கு நாள் வேண்டும். அந்த நாள் இந்த முறை என்னிடம் இருந்தது.

கேசட்டுக்கு மூர் மார்க்கெட் போனேன். வெள்ளை போர்டு பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு இலவசம், கண்டக்டர் காசில்லாமல் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். 1900-ல் திறந்த அந்தப் பழைய சிவப்புக் கட்டிடம் 1985-ல் தீயில் போனது. அந்த இடத்தில் இப்போது சென்ட்ரலின் புறநகர் ரயில் முனையம். கடைகளை அருகில் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாற்றினார்கள், அதையும் மக்கள் மூர் மார்க்கெட் என்றேதான் சொல்கிறார்கள். அங்கே பதினோரு கேசட் பொறுக்கினேன். கம்பெனி கேசட் நான்கு. மீதி ஏழும் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தவை. பாட்டு லிஸ்ட்டை ஒரு தாளில் எழுதி, 60 நிமிடமோ 90 நிமிடமோ ஓடும் ஒரு காலி கேசட்டும் கொடுத்தால் பதிந்து தருவார்களே, அந்த மாதிரி. உள்ளட்டையில் யாரோ அழகான கையெழுத்தில் பாட்டுகளை வரிசையாக எழுதி, நேரம் போதாமல் பாதியில் நின்ற கடைசிப் பாட்டுக்கு நேராக 'முழுசா இல்லை' என்றும் குறித்திருக்கிறார்கள். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: டேப் சுற்றின் விளிம்பில் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை, வைத்துவிடுங்கள். நடுவில் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரெக்கார்டரில் பாட்டைப் படிக்கும் ஹெட்டோடு டேப்பை ஒட்டிப் பிடிப்பது அதுதான்.

வீட்டு ஓனரின் பரணில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது, ஓடவில்லை. ரிச்சி தெருவில் கேமராவும் செல்போனும் விற்கிற கடைகளுக்கு நடுவே, மாடியில் ஒரு பாய் இன்னும் ரிப்பேர் பார்க்கிறார் என்று விசாரித்துப் போனேன். அவர் மூடியைக் கழற்றினார். பெல்ட் உருகித் தார் மாதிரி கப்பியில் ஒட்டியிருந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, அவசரமே இல்லாமல், கறுப்பு வராத வரைக்கும் துடைத்தார். அப்புறம் ஹெட், அப்புறம் ரப்பர் ரோலர். டப்பாவிலிருந்து நாலைந்து பெல்ட்டை எடுத்து விரலில் இழுத்துப் பார்த்து ஒன்றை மாட்டினார்.

பாட்டு வந்தது. எனக்கு அதுவே போதும் என்று எழுந்தேன். "உக்காருங்கம்மா, சத்தம் இன்னும் மூடினாப்ல இருக்கு" என்றார். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொடி ஸ்க்ரூ. அதை இம்மி இம்மியாகத் திருப்பினார். கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருந்த குரல் மெல்லத் தெளிந்தது, தாளத்தின் சிணுங்கல் தனியாகக் கேட்டது. ஒரு புள்ளி தாண்டியதும் மறுபடி மங்கியது. அவர் அந்தப் புள்ளிக்குத் திரும்பி வந்து, ஸ்க்ரூ அசையாமல் இருக்க ஒரு சொட்டு நகப்பாலீஷ் வைத்தார். மொத்தம் ஒன்றரை மணி நேரம். கேட்ட கூலி 450 ரூபாய். நான் 600 கொடுத்ததற்கு, பஞ்சு விழுந்த இரண்டு கேசட்டையும் அங்கேயே சரி செய்து தந்தார்.

மனசு கசந்த அனுபவம் ஒன்றுதான். கேசட்டை எம்பி3 ஆக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு கடையில் மூன்று கேசட் கொடுத்தேன். இரைச்சலை நீக்குகிறோம் என்று குரலின் உயிரையே நீக்கியிருந்தார்கள். பாட்டுக்கு இடையில் வீட்டில் யாரோ பேசியிருந்தது, ஒரு குழந்தை சிரித்தது, எல்லாம் வெட்டிப் போட்டாயிற்று. எனக்கு வேண்டியிருந்ததே அதுதான். கேட்டதற்கு "கஸ்டமர் யாரும் அதெல்லாம் கேக்க மாட்டாங்க மேடம்" என்று பதில். பணம் திரும்பி வரவில்லை, நல்லவேளை கேசட் வந்தது. கொடுப்பதற்கு முன் 'எதையும் வெட்டாதீர்கள், அப்படியே பதியுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் போதாது. மிச்சத்தை நானே லேப்டாப்பில் ஒயரைச் சொருகிப் பதிந்தேன். ஒரு பக்கம் முப்பது நிமிடம் ஓடும், அதற்குள் ஒரு குழம்பு ஆகிவிடும்.

பாரதி சாலையில் புத்தகம் பார்த்துக்கொண்டே மேற்கே நடந்தால் ஜாம்பஜார் வந்துவிடும். காய்கறி, கீரை, மீன் எல்லாம் ஒரே இடம். இந்தக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. நான் வந்து சேர்ந்த வாரம் படகுகள் திரும்ப ஆரம்பித்திருந்தன, சங்கராவும் நெத்திலியும் குவிந்து கிடந்தன. மீன்கார அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக் குடலோடு உருவிப் போடுகிற லாகவம் எனக்கு இருபது வருஷத்திலும் வரவில்லை. செவுளைத் தூக்கி எனக்குக் காட்டி, "பாரு கண்ணு, செவசெவன்னு இருக்குதா? கைய வச்சுப் பாரு" என்றார். வெட்டுக்கூலி தனி.

மாவு மில்லைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மல்லி, குண்டு மிளகாய், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாவற்றையும் மொட்டைமாடியில் ஒரு நாள் காயவைத்து, தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர் கோதுமை. மில்காரர் என் தூக்கைப் பார்த்ததும், "கொஞ்சம் இருங்கம்மா, மொளகா ஒண்ணு வருது, அதுக்கப்புறம் போட்டா உங்களுக்கு நல்லது" என்றார். கோதுமைக்குப் பின்னால் போட்டால் தூளில் மாவு கலக்கும். யாரும் கேட்காமலே அவர் அதைப் பார்த்தார். இயந்திரத்தின் துணிக்குழாயிலிருந்து தூள் இறங்கும்போது மரக்கட்டையால் வாயைத் தட்டித் தட்டிக் கடைசிப் பிடிவரை விழவைத்தார். வீட்டுக்கு வந்ததும் சூட்டோடு மூடாமல் செய்தித்தாளில் பரப்பி ஆறவிட வேண்டும். அன்று முழுக்க வீடே சாம்பார் வாசனை.

நான்காவது சனிக்கிழமை போன். "அக்கா, நீங்க கேட்டது ஒண்ணு வந்திருக்குது."

பச்சை அட்டை, துணி முதுகு. முதல் பக்கத்தில் ஊதா மையில் ஒரு பெண்ணின் பெயர், கீழே 'பாகம் 2'. அம்மாவுடையது இல்லை. அது தெரிந்தேதான் பிரித்தேன், ஆனாலும் கை நடுங்கியது. பைண்டர் பக்கவாட்டில் குத்தித் தைத்ததால் உள் ஓரத்து எழுத்துகள் தையலுக்குள் போயிருந்தன. கடைசி அட்டையின் உட்புறம் பென்சிலில் பால் கணக்கு, ஆழாக்கு ஆழாக்காகத் தேதிவாரியாக. இரண்டு நாள் மட்டும் 'வரவில்லை'. 400 ரூபாய் சொன்னார், பேரம் பேசவில்லை. திருவல்லிக்கேணியிலேயே ஒரு பைண்டர் பழைய தையலைப் பிரித்து, மறுபடி மடிப்போடு தைத்து, அதே பச்சை அட்டையை மேலே ஒட்டிக் கொடுத்தார். "ஓரம் வெட்டாதீங்க" என்று நான் சொல்லும் முன்பே, "இதுக்கு மேல வெட்டினா படம் போயிடும்மா" என்றார்.

மற்ற புத்தகங்களைக் கோயம்புத்தூரில் இருக்கும் தங்கைக்குத் தபாலில் போட்டேன். 2025 மே முதல் 'ஞான் போஸ்ட்' என்று புத்தகங்களுக்குக் குறைந்த கட்டணத் தபால் வந்திருக்கிறது. 5 கிலோ வரை அனுப்பலாம், வரிக்கு முன் 100 ரூபாய்தான். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும், பத்திரிகைகளுக்குக் கிடையாது. அதனால் அம்புலிமாமா, காமிக்ஸ், அந்தப் பச்சை அட்டை எல்லாம் என் கைப்பையில்.

தொடர்கதையின் ஒரு பக்கத்துக்குப் பின்னால் சமையல் குறிப்பு ஒன்று இருந்தது: பலாக்கொட்டை மாங்காய்க் குழம்பு. கதைக்காகக் கிழித்த பக்கம் ஆகையால் குறிப்பு பாதியில் நின்றுவிட்டது. "புளியைக் கரைத்து ஊற்றி, கொதி வந்ததும்" என்பதோடு சரி. ஜூலையில் ஜாம்பஜாரில் பலாக்கொட்டையும் இருந்தது, மாங்காயும் இருந்தது. கொதி வந்ததும் என்ன செய்வது என்று கீழ்வீட்டு மாமியைக் கேட்டேன். வறுத்த வெந்தயப் பொடி கால் ஸ்பூன், இறக்கும்போது நல்லெண்ணெய் என்றார். மீன்கார அம்மாவைக் கேட்டேன். "கொதி வந்ததும் நெத்திலிக் கருவாட்டப் போடு கண்ணு, வேற இன்னா" என்றார்.

தங்கை வந்திருந்த அன்று இரண்டு சட்டியிலும் வைத்தேன். பலாக்கொட்டையைத் தோல் உரிக்க அவள், மாங்காய் நறுக்க நான், ஜன்னல் ஓரத்தில் பாய் சரி செய்த டேப் ரெக்கார்டர். கருவாட்டுச் சட்டி அன்று மதியமே காலி. மற்றதில் ஒரு கிண்ணம் மாமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்துவிட்டு, "புளி சரியா இருக்கு. வெந்தயம்தான் ஒரு சிட்டிகை ஜாஸ்தி, நாளைக்கு இன்னொரு தரம் வை" என்றார்.