தி கில்லிங் ஜோக் ஹார்ட்கவர்: ஜோக்கருக்கு ஏன் பேரே இல்ல?

இந்த பேட்மேன் காமிக்ஸ் புக்குல, பேட்மேனோட வில்லன் ஜோக்கருக்கு நெஜப் பேரு கிடையாது. அவன் பொண்டாட்டிக்கு ஜீனின்னு பேரு இருக்கு, அவன் சுட்ட பொண்ணுக்கு பேரு இருக்கு, ஆனா அவனுக்கு மட்டும் மொத பக்கத்துலருந்து கடைசி பக்கம் வரைக்கும் பேரே வராது, கட்டுன பொண்டாட்டி கூட பேரு சொல்லிக் கூப்பிட மாட்டா. மொத தடவ படிச்சப்ப இத நான் கவனிக்கவே இல்ல, மூணாவது தடவ படிக்கறப்ப தான் உறைச்சுது, அதுக்கப்புறம் தூக்கம் வரல, சரி எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன்.

பேட்மேன் தி கில்லிங் ஜோக். ஆலன் மூர் கதை, பிரையன் போலண்ட் படம், ரெண்டு பேரும் இங்கிலாந்துக்காரங்க, டிசி காமிக்ஸ் 1988ல போட்டாங்க, அடுத்த வருஷமே காமிக்ஸுக்குன்னு குடுக்கற ஐஸ்னர் அவார்டு வாங்குச்சு. மெலிசான புக்கு தான், கதை மட்டும் பாத்தா 50 பக்கம் கூட வராது. நான் வாங்குனது 2008ல போலண்டே மொத்த புக்குக்கும் புதுசா கலர் பண்ணி வந்த ஹார்ட்கவர். ஆன்லைன்ல தான் ஆர்டர் போட்டேன், மொத தடவ மேல் கார்னர் நசுங்கி வந்துச்சு, கெட்டி அட்ட புக்க வெறும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு அனுப்புனா வேற என்ன ஆகும், திருப்பி அனுப்பி வேற காப்பி வர ஒரு வாரம் ஆச்சு. வாங்கறவங்க பார்சல பிரிக்கும்போதே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

இனிமே கதைய பேசப்போறேன், படிக்காதவங்க இங்கயே நிறுத்திக்கங்க.

கெமிக்கல் ஃபேக்டரில லேப் அசிஸ்டென்ட்டா இருந்த ஒருத்தன், மேடைல ஜோக் சொல்லி பொழச்சுக்கலாம்னு நம்பி வேலைய விட்டுட்டு வர்றான். யாரும் சிரிக்க மாட்டேங்கறாங்க. வீட்ல பொண்டாட்டி மாசமா இருக்கா, வாடக குடுக்கக் காசில்ல. அந்த நேரம் ரெண்டு திருடனுங்க வந்து, நீ வேலை பாத்த ஃபேக்டரி வழியா எங்கள பக்கத்துல இருக்கற சீட்டுக்கட்டு கம்பெனிக்குள்ள கூட்டிட்டுப் போ, பங்கு தர்றோம்ங்கறானுங்க, இவனும் ஒத்துக்கறான். திட்டம் போட்டுட்டு இருக்கும்போதே போலீஸ் வந்து தனியா கூப்பிட்டு சொல்லுது, குழந்தைக்கு பால் சுட வைக்கற ஹீட்டர்ல ஷாக் அடிச்சு உங்க மனைவி செத்துட்டாங்கன்னு. இனிமே எனக்கு காசு எதுக்கு, நான் வரலன்னு சொல்லிப் பாக்கறான், அவனுங்க விடல. அன்னிக்கு ராத்திரியே சிவப்பு முகமூடிய மாட்டி இழுத்துட்டுப் போறானுங்க, செக்யூரிட்டி சுடறான், பேட்மேன் வந்து நிக்கறான், இவன் பயத்துல கெமிக்கல் தண்ணில குதிச்சு வெளிய வந்து முகமூடிய கழட்டிப் பாத்தா வெள்ள மூஞ்சி, பச்ச முடி, அப்புறம் அந்த சிரிப்பு.

இந்த சிவப்பு முகமூடி மூர் புதுசா உண்டாக்குனது இல்லங்க, நெறைய பேருக்கு இது தெரியறதில்ல. ஜோக்கர் மொத மொத வந்தது 1940ல பேட்மேன் காமிக்ஸ் முதல் இதழ்ல, வரும்போதே முழு ஜோக்கரா தான் வந்தான், எங்கருந்து வந்தான் ஏன் இப்படி ஆனான்னு ஒரு வரி கூட கிடையாது. 11 வருஷம் கழிச்சு 1951ல டிடெக்டிவ் காமிக்ஸ் 168ல தான் பில் ஃபிங்கர் அந்தக் கதைய எழுதுனாரு, ரெட் ஹூட்னு ஒரு திருடன், சீட்டுக்கட்டு கம்பெனில பத்து லட்சம் டாலர் அடிக்கப் போயி கெமிக்கல்ல நீந்தித் தப்பிச்சு ஜோக்கரா வெளிய வந்தான்னு. அதுல அவன் வெறும் திருடன், அவன் மேல நமக்கு எந்தப் பாவமும் வராது. மூர் பண்ணுனது என்னன்னா அதே ஃபேக்டரி, அதே முகமூடி, அதே சீட்டுக்கட்டு கம்பெனி எல்லாத்தையும் அப்படியே வெச்சுட்டு உள்ள இருந்த ஆள மட்டும் மாத்திட்டாரு, திருடன் இருந்த எடத்துல வாடக குடுக்க முடியாத ஒரு புருஷன் நிக்கறான். இந்த ஒரு மாத்தம் போதும், கத மொத்தமா வேற கத ஆயிடுச்சு.

ஆனா எனக்கு புக்குல உயிரான எடம் அந்த சோகக்கதை இல்ல. கடைசி பக்கங்கள்ல ஜோக்கர் தன் வாயாலயே சொல்வான், எனக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கே சரியா தெரியல, ஒரு தடவ ஒரு மாதிரி ஞாபகம் வருது இன்னொரு தடவ வேற மாதிரி வருது, எனக்குன்னு பழைய கத ஒண்ணு இருந்தே ஆகணும்னா அது மல்டிபிள் சாய்ஸா இருக்கட்டும்ங்கற மாதிரி. இந்த ஒரு வசனத்துல மூர் அதுவரைக்கும் நமக்குக் காட்டுன அத்தனையும் நம்ம கைலருந்து பிடுங்கிடறாரு. ஜீனின்னு ஒருத்தி நெஜமாவே இருந்தாளா? நான் அவளுக்காக அழுதேனே, அது யாருக்காக? பேரு ஏன் இல்லைங்கறதும் இங்க தான் எனக்குப் புரிஞ்சுது, தன்னோட கதைய சரியா ஞாபகம் வெச்சுக்க முடியாதவனுக்கு அதுல தன் பேரு மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும்.

இத பேட்மேன் எப்படி பேட்மேன் ஆனான்ங்கற கதையோட பக்கத்துல வெச்சுப் பாருங்க. 1939 நவம்பர்ல டிடெக்டிவ் காமிக்ஸ் 33, ரெண்டே பக்கம். படம் பாத்துட்டு வர்ற வழில அம்மாவையும் அப்பாவையும் ஒருத்தன் சுட்டுட்டுப் போறான், பையன் மெழுகுவத்தி வெளிச்சத்துல மண்டி போட்டு சத்தியம் பண்றான், வளந்ததும் ஜன்னல் வழியா வௌவால் வருது, முடிஞ்சுது. 1948ல சுட்டவனுக்கு ஜோ சில்னு பேரு வெச்சாங்க, 1987ல ஃபிராங்க் மில்லரும் டேவிட் மஸூக்கெல்லியும் இயர் ஒன்ங்கற பேட்மேன் கதைல அந்த மொத வருஷத்த தேதி போட்டு டைரி மாதிரியே விரிச்சாங்க, ஆனா யார் எடுத்து எழுதினாலும் அந்தத் தெருவும் அந்தத் துப்பாக்கி சத்தமும் மாறல. ஹீரோவோட கதைல நாள், எடம், கொலகாரன் பேரு வரைக்கும் உறுதியா இருக்கணும், ஏன்னா அவன் பண்ற எல்லாத்துக்கும் அந்த ராத்திரி தான் காரணம்னு நாம நம்பணும். வில்லனுக்கு அப்படி ஒரு காரணத்த கெட்டியா குடுத்துட்டா அவன் மேல இருக்கற பயம் போயிடும், சரி பாவம் இதனால தான் இப்படி ஆயிட்டான்னு முடிச்சுருவோம். மூர் காரணத்தையும் குடுத்து அத நம்ப முடியாமலும் பண்ணிட்டாரு, அதனால பாவமும் பயமும் ரெண்டுமே நம்மகிட்ட தங்கிடுது.

ஒரு மோசமான நாள் போதும், யாரா இருந்தாலும் என்ன மாதிரி ஆயிடுவாங்கங்கறது தான் ஜோக்கரோட வாதம். அத நிரூபிக்க போலீஸ் கமிஷனர் கார்டனோட பொண்ண சுட்டுட்டு, அவர கடத்தி, பாழடைஞ்ச பொருட்காட்சில பேய் ரயில்ல துணியில்லாம உக்கார வெச்சு, பெத்த பொண்ணு ரத்தத்துல கெடக்கற போட்டோவ பெருசு பண்ணிக் காட்டறான். அவ்வளவும் பாத்துட்டு வெளிய வந்த கார்டன், பேட்மேன்கிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணு தான், அவன சட்டப்படி பிடிச்சுட்டு வா, நம்ம வழி என்னன்னு அவனுக்குக் காட்டணும். நான் புக்க மூடி வெச்ச எடம் அது. அந்த மனுஷன் உடையல.

நம்மூர்ல முத்து காமிக்ஸ் படிச்சு வளந்தவங்களுக்கு இது புது விஷயம் இல்ல. இரும்புக்கை மாயாவி லூயிஸ் கிராண்டெல் யாரு, அவனும் லேப் அசிஸ்டென்ட் தான், அவனுக்கும் லேப் விபத்து தான். 1962ல இங்கிலாந்துல வேலியன்ட் பத்திரிகைல கத ஆரம்பிச்சப்ப அவன் ஹீரோவே கிடையாது, உருவம் மறையுதுன்னு தெரிஞ்சதும் மொத அவன் போனது திருட்டுக்கு, அதுக்கப்புறம் தான் திருந்தி நம்ம மாயாவி ஆனான். ஒரே மாதிரி விபத்து, ஒருத்தன் திரும்பி வந்துட்டான், ஒருத்தன் வரல. கில்லிங் ஜோக் படிக்கும்போது எனக்கு மாயாவி ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு.

கலர் விஷயத்துக்கு வர்றேன், வாங்கறவங்க முடிவு பண்ண வேண்டியது இது தான். 1988 பதிப்புல கலர் போட்டது ஜான் ஹிக்கின்ஸ், ஆரஞ்சு, பிங்க், ஊதான்னு கண்ணுல அடிக்கும். 2008ல போலண்ட் அத எடுத்துட்டு இருட்டா, நெஜ உலகம் மாதிரி பண்ணாரு, பழைய கத வர்ற பக்கங்கள கிட்டத்தட்ட கறுப்பு வெள்ளையா விட்டுட்டு அங்கங்க சிவப்ப மட்டும் விட்டு வெச்சாரு, கடைசில அந்த முகமூடி வரும்போது சிவப்பு பளீர்னு நிக்கும். பேட்மேன் நெஞ்சுல இருந்த மஞ்சள் வட்டத்தையும் எடுத்துட்டாரு. சித்தப்பா பையன்கிட்ட பழைய காப்பி இருக்கு, ரெண்டையும் தரைல விரிச்சு வெச்சு பக்கம் பக்கமா பாத்தோம். பழைய கத வர்ற பக்கங்களுக்கு போலண்ட் கலர் தான் எனக்குப் பிடிச்சுது, ஞாபகம் மங்கிப் போன மாதிரியே இருக்கு. ஆனா பேய் ரயில் சீனுக்கு ஹிக்கின்ஸ் கலர் தான், அந்தக் காய்ச்சல் புதுசுல இல்ல, அத நான் இழப்பாவே பாக்கறேன். கோடுகள பத்தி சொல்லவே வேணாம், மொத கட்டத்துல மழத்தண்ணி தேங்குன எடத்துல துளி விழுந்து வளையம் வளையமா போகும், கடைசி கட்டத்துலயும் அதே துளி அதே வளையம்.

இந்த புக்குல என்னால ஏத்துக்க முடியாதது ஒண்ணு இருக்கு. பார்பரா கார்டன், கமிஷனரோட பொண்ணு. 1967லருந்து காமிக்ஸ்ல பேட்கேர்ள்ங்கற ஹீரோவா இருந்தவ, கதவத் திறக்கறா, வயித்துல குண்டு, முதுகுத்தண்டு போயிடுது, அவ்வளவு தான் அவளுக்கு இந்தக் கதைல வேலை. ஆஸ்பத்திரில ஒரு சீன் வரும், அங்க கூட அவ அப்பாவ நெனச்சுத் தான் கதறுவா, தனக்கு என்ன ஆச்சுன்னு பேச அவளுக்கு எடம் குடுக்கல. ரெண்டு ஆம்பளைங்களோட வாதத்துக்கு அவ உடம்ப எடுத்து சாட்சியா வெச்ச மாதிரி எனக்கு வலிச்சுது, மூரே பின்னாடி இந்த புக்க பத்தி வருத்தமா தான் பேசிருக்காரு. கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ரேண்டரும் 1989லருந்து அவள ஆரக்கிள்னு சக்கர நாற்காலில உக்காந்தே கம்ப்யூட்டர் வழியா எல்லா ஹீரோக்களுக்கும் தகவல் குடுக்கறவளா வளத்தெடுத்தாங்க, அது தான் அவளோட நெஜமான ரெண்டாவது ஆரம்பக் கத. அது இந்த புக்குல இல்ல, தேடிப் படிங்க.

ஹார்ட்கவர் பின்னாடி போலண்டே எழுதி வரைஞ்ச ஒரு குட்டிக் கதையும் இருக்கு, 1996ல கறுப்பு வெள்ளைல வந்தத இங்க கலர்ல போட்டுருக்காங்க. ஒரு சாதாரண ஆளு கேமரா முன்னாடி உக்காந்து, வாழ்க்கைல ஒரே ஒரு பெரிய தப்பு பண்ணிப் பாக்கப்போறேன், பேட்மேன கொல்லப்போறேன்னு அமைதியா விளக்குவான். இன்னும் வில்லனா ஆகாத ஒருத்தனோட கத, பெரிய கதைக்கப்புறம் படிக்கறப்ப உள்ளங்கை ஜில்லுனு ஆயிடுச்சு. தாள் நல்ல தாள், பைண்டிங் கெட்டி, படம் நடுவுல மடிப்புக்குள்ள போகல.

5க்கு நாலரை குடுப்பேன், அந்த அரை பார்பராவுக்காக கழிச்சது. அட்டைல பேட்மேன் பேரு இருக்குன்னு பசங்க கைல குடுத்துடாதீங்க, 16, 17 வயசுக்கு கீழ வேணவே வேணாம். 1951 ரெட் ஹூட் கதைய தேடறவங்களுக்கு, பழைய ஜோக்கர் கதைங்க தொகுப்பா 1988ல ஒரு புக்கு வந்துச்சு, அதுல அது இருக்கு, பழைய புக்கு கடைல கண்ணுல பட்டா விடாதீங்க, மொத அத படிச்சுட்டு இத எடுங்க.