மெம்ஃபிஸ் ஆத்தோர வாக்கிங் டூர் - போலாம், ஆனா மைக் சொதப்பல்

போன சனிக்கிழமை அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல சிவில் வார் (வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு நடுவுல நடந்த உள்நாட்டுப் போர்) வாக்கிங் டூர் ஒண்ணு போனோம், மிசிசிப்பி கரை மேட்டுல நின்னுக்கிட்டு 1862 ஜூன் 6 காலைல ஊர் ஜனமே இங்க நின்னுதான் கப்பல் சண்டைய வேடிக்கை பார்த்துச்சுன்னு கைடு ஆரம்பிச்சாரு பாருங்க, அப்பவே காசு வசூல். சண்டை ரெண்டு மணி நேரம்கூட தாங்கல, தெற்கு பக்கம் இருந்த ஊரு அன்னைக்கே யூனியன் (வடக்குப் படை) கைக்கு போயிருச்சு.

அப்புறம் வியாபாரக் கதை, அதுதான் செம. வடக்குல மில்லுக்கு பஞ்சு வேணும், இங்க உப்பு, மருந்து இல்ல. பஞ்சுக்கு தங்கமா குடுத்தா அது எதிரிக்கு துப்பாக்கியா மாறும்னு ஜூலைல ஊர் பொறுப்பேத்த யூனியன் தளபதி ஷெர்மன் தடை போட்டாரு, வாஷிங்டன்ல இருந்த அரசாங்கம் அத தூக்கிருச்சு (மேலிடம்னா எங்கயும் இப்படித்தான் போல). ஒருதடவ ஊர விட்டு தடபுடலா ஒரு சவ ஊர்வலம் போச்சாம், பெட்டிய தொறந்தா பொணம் இல்ல, அத்தனையும் எதிரிப் படைக்கு மருந்து! ஷெர்மனே எழுதி வச்சிருக்காரு.

கடுப்பு என்னன்னா, டிசம்பர்ல யூனியன் தளபதி கிராண்ட் கள்ள பஞ்சு வியாபாரத்த சாக்கா வச்சு யூதர்கள மொத்தமா வெளியேறச் சொன்ன ஆர்டர், அத ஜனாதிபதி லிங்கன் ரத்து பண்ணது, இதெல்லாம் ரெண்டே வரில முடிச்சிட்டாரு. மைக் வேற பாதி நேரம் கொரகொரன்னு. நிழலே இல்ல, தண்ணி பாட்டில் எடுத்துட்டு போங்க. 5க்கு 3.5.