பிஜிஎம்ஐயா, கால் ஆஃப் டியூட்டியா: சுடப் பழகுவதற்கு ஏற்றது எது?

குமுளி மலைக்குக் கீழே லோயர் கேம்ப், கூடலூர் பக்கம் புதிதாகக் கைப்பேசி வாங்கும் பையன்களில் பெரும்பாலோர், கூட்டாளிகள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதற்காகவே பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இறங்கிவிடுகிறார்கள். கூட்டாளிகளோடு ஆடுவதற்கு அது நல்ல இடம். சுடப் பழகுவதற்கு அது நல்ல இடமன்று என்பதே என் கருத்து.

அதன் எரங்கெல் வரைபடம் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் பரப்புடையது. அதில் 100 பேர் குதிக்கிறார்கள்; கடைசிவரை பிழைத்திருப்பவருக்கே வெற்றி. ஆட்டம் ஏறத்தாழ அரை மணி நேரம் நீள்கிறது. புதியவர் வீடு வீடாகப் புகுந்து ஹெல்மெட்டும் துப்பாக்கியும் பொறுக்கி, பாதுகாப்பான பகுதியின் எல்லையான நீல வட்டம் சுருங்கச் சுருங்க ஓடி, இருபதாவது நிமிடத்தில் எங்கிருந்து வந்ததென்றே தெரியாத குண்டுக்குச் சாய்கிறார். அவ்வளவு நேரத்தில் அவர் உண்மையான எதிரியைச் சுட்டது ஒருமுறையோ இருமுறையோதான். அதுவும் கைக்குக் கிடைத்த துப்பாக்கியால். அடுத்த ஆட்டத்தில் அதே துப்பாக்கி கிடைக்கும் என்ற உறுதியில்லை. (தொடக்க நிலையில் எதிரே வருபவர்களில் பலர் பாட்கள், அதாவது கணினியே ஆட்டும் பொம்மை வீரர்கள், என்பதால், முதல் வாரத்துச் சிக்கன் டின்னரை (வெற்றிக்கு இந்த விளையாட்டில் உள்ள பெயர்) வைத்து யாரும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம்.)

கால் ஆஃப் டியூட்டி மொபைலின் ஐவருக்கு ஐவர் ஆட்டம் இதற்கு நேர் எதிரானது. களம் சிறியது, செத்தால் சில நொடிகளில் மீண்டும் எழலாம், துப்பாக்கியை முன்கூட்டியே நாமே தேர்ந்துகொள்ளலாம். ஒரே துப்பாக்கியை ஒரே மாலையில் நூறு மோதல்களில் பிடிக்கும்போது, அதன் ரீகாயில் (சுடும்போது ஏற்படும் உதறல்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை விரல் தானாகவே கற்றுக்கொள்கிறது. இதன் கேடு, சாவுக்கு விலையில்லாமல் போவது. கண்டபடி ஓடிச் சுட்டே பழகியவர் எரங்கெலின் வெட்டவெளியில் அதே ஓட்டம் ஓடினால், தூரத்து மரத்தடியில் படுத்திருப்பவருக்கு எளிதான இரை ஆகிவிடுவார். மறைவிடம் தேடுவதையும் காலடி ஓசையைக் கேட்பதையும் பிஜிஎம்ஐ மட்டுமே அடித்துச் சொல்லிக்கொடுக்கும்.

இரண்டையும் வைத்துக்கொள்ளக் கைப்பேசியில் இடமில்லாதவர்கள் பிஜிஎம்ஐக்குள்ளேயே இருக்கும் டீம் டெத்மேட்சை நாடலாம். நால்வருக்கு நால்வர் மோதும் அந்த ஆட்டத்தில் முதலில் 40 பேரை வீழ்த்தும் அணி வெல்லும். அங்கே ஏகேஎம் துப்பாக்கியை விட்டுவிட்டு எம்416 துப்பாக்கியை எடுப்பது நல்லது. ஏகேஎம் குண்டு கூடுதலாகக் காயப்படுத்தினாலும், அதன் உதறல் புதியவர் கைக்கு அடங்காது.

ஃப்ரீ ஃபயர் மேக்ஸையும் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். பழைய கைப்பேசியிலும் ஓடும் என்பது அதன் சிறப்பு. ஆனால் பாத்திரங்களின் தனிச்சக்திகளும் நினைத்த இடத்தில் எழுப்பும் குளூ சுவர் என்ற தடுப்புச் சுவரும் வேறு எங்கும் உதவாத பழக்கங்கள்.

எங்கள் பகுதிக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. மலையடிவாரத்தில் கைப்பேசி ஒரு நிமிடம் தமிழ்நாட்டுக் கோபுரத்தையும் மறு நிமிடம் கேரளக் கோபுரத்தையும் பிடிக்கும். அந்த மாற்றத்தில் பிங் (கைப்பேசிக்கும் விளையாட்டின் சர்வருக்கும் இடையிலான தாமதம்) எகிறி ஆட்டம் உறைந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐவர் ஆட்டத்தில் அதற்கு ஒரு சாவோடு போயிற்று. எரங்கெலில் அரை மணி நேர உழைப்பும் வீணாகி, கூட வந்த மூவரின் ஏச்சும் வந்து சேரும். ஆகவே சிக்னல் ஆடும் வீட்டில் இருப்பவர், வீட்டுக்குள் எந்த மூலையில் பிங் நிலையாக நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்ட பிறகே நால்வர் குழுவாக ஆடும் ஸ்க்வாட் ஆட்டத்துக்குப் போகவேண்டும்.

போகும்போது குழுவில் மலையாளிகளும் இருக்கக்கூடும். அவர் "அவிடே" என்பதும் நாம் "அங்கே" என்பதும் இருவருக்கும் புரியும். எங்கே என்பதுதான் புரியாது. திரையின் மேலே ஓடும் திசைகாட்டியின் எண்ணைப் பார்த்து, எதிரி 285இல் இருக்கிறான் என்று சொல்லப் பழகினால், நால்வரின் துப்பாக்கியும் ஒரே பக்கம் திரும்பும்.