கைமரங்களுக்கு இடையே கிளாஸ் வூல்: சில குளிர்காலங்களுக்குப் பின்

சாய்கூரையின் கைமரங்களுக்கு இடையே கிளாஸ் வூல் (கண்ணாடி இழையாலான வெப்பக்காப்புப் பஞ்சு) அடைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வெப்பத்தைக் காப்பதில் அதன்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அப்படி அடைத்திருக்கும் என் மாடி அறை குளிர்காலத்தில் கதகதப்பாக இருக்கிறது. ஓட்டின்மேல் மழை விழும் ஓசையும் வெகுவாக அடங்கிவிட்டது.

என் எரிச்சலெல்லாம் ஆணிகளைப் பற்றியது. முகட்டுக்கு அடியிலுள்ள சிறு திறப்பின் வழியே டார்ச் அடித்துப் பார்த்தால், கூரைப் பலகையைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் ஆணியின் நுனியிலும் ஒரு நீர்த்துளி தொங்கும். அதைச் சுற்றிலும் மரம் கறுத்திருக்கும். பார்க்க வந்த கூரைப் பணியாளர், ஒழுகல் என்று சொல்லிச் சில ஓடுகளை மாற்றிக் கூலியும் வாங்கிச் சென்றார். மழையே பெய்யாத வாரத்தில் கூரை எப்படி ஒழுகும் என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை.

அது வீட்டுக்குள் இருந்து போன நீர். 20 டிகிரி செல்சியசில் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் உள்ள காற்று, ஏறத்தாழ 12 டிகிரிக்குக் குளிர்ந்ததுமே நீராகப் படியத் தொடங்கும். கிளாஸ் வூல் எவ்வளவு நன்றாக வெப்பத்தைத் தடுக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் வெளிப்புறத்திலுள்ள பலகை குளிர்ந்துபோகும் என்பதால், பொருளின் சிறப்பே தொல்லைக்கும் காரணமாகிறது. அறையின் உட்கூரையான ஜிப்சம் பலகையை ஊடுருவிச் செல்லும் ஆவியைவிட, விளக்குத் துளைகளிலும் வயர் துளைகளிலும் கசியும் காற்று சுமந்து செல்லும் ஆவியே பன்மடங்கு அதிகம்.

ஆகவே அண்மையில் செய்த பழுதுபார்ப்பில் ஓடுகளை யாரும் தொடவில்லை. அறைப்பக்கத்தில் உள்ள நீராவித் தடுப்புத் தாளின் துளைகளை டேப் ஒட்டி அடைத்து, கூரைக்குள் முடிந்திருந்த குளியலறை எக்ஸாஸ்ட் குழாயை வெளியே நீட்டி, இறவாரத்தை அடைத்திருந்த கிளாஸ் வூலை விலக்கி, அங்கிருந்து முகடுவரை 50 மில்லிமீட்டர் காற்றோட்ட இடைவெளி விட்டார்கள். (ஆண்டு முழுதும் ஏசி ஓடும் வெப்பமான ஈரநாடுகளில் ஆவி வெளியிலிருந்து உள்ளே வரும், அங்கே இந்தத் தாளை அறைப்பக்கத்தில் ஒட்டக்கூடாது.)

இப்போது துளிகள் அரிதாகிவிட்டன. இருந்தும் நண்பருக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்கவில்லை. ஓடுகளைப் பிரிக்கும் வாய்ப்பு எப்போது வந்தாலும், கைமரங்களுக்கு மேலேயே கெட்டியான வெப்பக்காப்புப் பலகையைப் பரப்பி, மரம் முழுவதையும் வெதுவெதுப்பான பக்கத்தில் வைத்துவிடுவதே நல்லது என்று எழுதியிருக்கிறேன். செலவு கூடும்; கூரையும் சற்று உயரும். ஆனால் ஒவ்வொரு கடுங்குளிர்க் காலையிலும் டார்ச்சோடு ஏணியில் ஏற வேண்டியிராது.