மூன்று நிமிடத்தில் ஒரு புலப்பெயர்வு: எழும்பூர்ப் பயிலரங்கில் எட்டு நாட்கள்

கடந்த ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நான்கு வார இறுதிகள் எழும்பூரில் ஒரு மாடி அறையில் நடந்த டிஜிட்டல் கதைசொல்லல் பயிலரங்கில் நான் கலந்துகொண்டேன். 18 முதல் 28 வயது வரை உள்ளவர்கள், தங்கள் குடும்பம் ஊர் விட்டு ஊர் வந்த கதையை மூன்று நிமிடக் காணொலியாகத் தங்கள் குரலிலேயே சொல்ல வேண்டும் என்பதே பாடம். மதியச் சாப்பாடு உட்படக் கட்டணம் 3,500 ரூபாய். அடுத்த அணியில் சேரலாமா என்று தோழிகள் சிலர் கேட்டதால், கண்டதைக் கண்டபடியே எழுதுகிறேன்.

இந்தக் கதைசொல்லல் முறை 1990-களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் வளர்த்தெடுத்தது. கருவியைத் தொடுவதற்கு முன் எல்லோரும் வட்டமாக அமர வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். முதல் இரண்டு நாட்களும் இதிலேயே போயின, அதுவே சரி என்று நினைக்கிறேன். எங்கள் வட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தோம். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பத்துப் பையன் ஒருவன், பழைய பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேருந்து மாறிப் போன ஓராண்டைப் பற்றி மட்டும் பேசினான். கோத்தகிரியிலிருந்து வந்த ஒருத்தியின் தாத்தா, இந்திய, இலங்கைப் பிரதமர்கள் 1964-இல் செய்த சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்த, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 5,25,000 மலையகத் தமிழரில் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, மறுபடியும் தேயிலைத் தோட்டத்துக்கே வேலைக்குப் போனவர். நகரத்துக்குள்ளேயே இடம் மாற்றப்பட்டவனும் கடல் கடந்து வந்தவர்களின் பேத்தியும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்ததுதான் இந்தப் பயிலரங்கின் பெரிய பலம்.

என் ஆயா, அதாவது பாட்டி, பர்மாவின் ரங்கூனில் பிறந்தவர். 1962-இல் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றியதையும், கடைகள் அரசுடைமையானதையும், 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனதையும், அங்கிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969-இல் பாரிமுனையருகே பர்மா பஜார் அமைந்ததையும் சேர்த்து அறுநூறு சொற்களில் எழுதிக்கொண்டு போனேன். பயிற்றுநர் பொறுமையாகப் படித்துவிட்டு, “இதில் உங்கள் வீட்டுக்கு மட்டுமே தெரிந்தது எது?” என்று கேட்டார். அன்றிரவு வியாசர்பாடியில் ஆயாவின் ஒரே பழைய புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கன்னத்தில் ‘தனக்கா’ என்ற பர்மிய மரப்பட்டைக் குழம்பு பூசி, இரண்டு கைகளிலும் வளையல் அடுக்கியிருக்கும் பதினேழு வயதுப் பெண்ணின் படம் அது. “அந்த வளையல பாக்காத. துறைமுகத்துல கழட்டி வாங்கிக்கிட்டான், கையில எண்ணெய் தேச்சுதான் கழட்டுனேன்” என்றார். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அறுநூறு சொற்களில் நானூறுக்கு மேல் அடித்துவிட்டு, கப்பல் பயணத்தை விட்டுவிட்டு அந்த எண்ணெயிலிருந்தே கதையைத் தொடங்கினேன்.

தொழில்நுட்பப் பாடம் நேர்த்தியாக இருந்தது. ஆங்கிலத்தில் இந்த முறைக்குச் சுமார் 250 சொற்கள் என்று கணக்கு வைப்பார்கள். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொல் நீளும், எனவே 180 சொற்களிலேயே நேரம் நிறைந்துவிடும் என்பதைப் பயிற்றுநர் ஒரு பத்தியைக் கடிகாரம் வைத்துப் படித்தே காட்டினார். பழைய படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, ஜன்னலோரத்தில் பிளாஷ் இல்லாமல் கைபேசியை நேராகப் பிடித்துப் படமெடுப்பது, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் குரல் பதிவது, அறையின் வெறும் ஓசையை முப்பது வினாடி தனியாகப் பதிந்து வெட்டுகளுக்கு இடையில் நிரப்புவது என்று எதையும் விடவில்லை. ஆகஸ்ட் புழுக்கத்தில் போர்வைக்குள் ஏழு முறை படித்தேன். ஏழாவதில்தான் செய்தி வாசிக்கும் தொனி என் குரலை விட்டுப் போயிற்று. தமிழ் எழுத்துருவில் கொம்பு தனியே விலகி நிற்காமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கியதற்கும் நன்றி சொல்ல வேண்டும்.

இறுதித் தொகுப்பில் எல்லாக் காணொலிகளுக்கும் அடியில் ஒரே சோக வயலின் இசையைப் போட்டிருந்தார்கள். கேட்டபோது எடுத்துவிட்டார்கள், அதை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன்.

பெரிய குறை ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது. கடைசி நாள் மாலை, எல்லோரும் கிளம்பும் அவசரத்தில், ஆங்கிலத்தில் இரண்டு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். வகுப்பறையில் காட்டுவதற்கும், இன்ஸ்டாகிராமில் போடுவதற்கும், நன்கொடையாளர்களுக்கு அனுப்புவதற்கும் சேர்த்து ஒரே கையெழுத்து. எங்களில் ஒருத்தி இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவள். இரவு வெளியில் தங்குவதற்கே அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் முகம் பொதுவெளிக்கு வருவது எத்தகைய சிக்கல் என்பது அவளுக்குத்தான் தெரியும். குரல் மட்டும் போதும், முகம் வேண்டாம் என்று அவள் மறுநாளே சொல்லியும், முன்னோட்டக் காணொலி அவள் முகத்துடனேயே ஒன்பது நாட்கள் இருந்தது. இதைக் கவனக்குறைவு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் ஊர் விட்டு வந்தவர்களிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அவர்களுடைய கதை மட்டும்தான். படிவம் தமிழில், முதல் நாளிலேயே, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனிக் கட்டத்துடன் வர வேண்டும். பேசுகிறவரிடம் மட்டுமல்லாமல், யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

அப்படி ஒரு கட்டம் இல்லாததால் நானும் தவறினேன். படத்தை முடித்த பிறகே ஆயாவுக்குக் காட்டினேன். வளையல் வரும் இடத்தில் கண் கலங்காமல் பார்த்தவர், அடுத்து வரும் ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் நிறுத்தச் சொன்னார். கப்பலேற முடியாமல் அங்கேயே தங்கிவிட்ட அவருடைய அக்காவைப் பற்றிய வாக்கியம் அது. “அவ பேச்சு வேணாம், எடுத்துரு” என்றார், நான் எடுத்துவிட்டேன். ஆனால் அந்த வாக்கியத்துடன் உள்ள பிரதி அமைப்பாளர்களிடம் இருக்கிறது. சேர விரும்புகிறவர்கள் தயங்காமல் சேருங்கள், படிவத்தை மட்டும் முதல் நாளே கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். மாற்றிய பிரதியை வைத்துக்கொண்டு பழையதை அழிக்கும்படி நான் இரண்டு முறை எழுதிவிட்டேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.