சின்ன ராக்கெட், பெரிய செலவு: ராக்கெட் லேப், விர்ஜின் ஆர்பிட், அஸ்ட்ரா

புயலுக்குள் வெப்பமும் ஈரமும் எப்படி மாறுகின்றன என்று மணிக்கொரு தரம் பார்க்க நாசா ஆறு குட்டிச் செயற்கைக்கோள்களுக்குத் திட்டம் போட்டது. ட்ராபிக்ஸ் என்று பெயர். ஒவ்வொன்றும் ஒரு அடியைக் கொஞ்சம் தாண்டும் நீளம். கனம் ஒரு ஐந்து கிலோ அரிசிப் பை அளவு. இரண்டிரண்டாக மூன்று தடவையில் மேலே கொண்டுபோய் விடுகிற வேலையை 2021-ல் அஸ்ட்ரா என்ற சின்ன ராக்கெட் கம்பெனி எடுத்தது. மொத்தம் 79.5 லட்சம் டாலர். தடவைக்கு 26.5 லட்சம் என்றால், தனி ராக்கெட்டுக்கு அது கொள்ளை மலிவு. 2022 ஜூனில் ஃபுளோரிடாவிலிருந்து முதல் ஜோடி கிளம்பியது. மேல்கட்ட எஞ்சின் சுமார் ஒரு நிமிடம் முன்னதாகவே அணைந்துவிட்டது. இரண்டும் போயின.

மிச்சம் நான்கையும் நாசா ராக்கெட் லேப் என்ற இன்னொரு கம்பெனியிடம் கொடுத்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து ஏவுவதாகத்தான் முதல் ஏற்பாடு. புயல் பருவம் தொடங்குவதற்குள் முடியவேண்டுமே என்று தளத்தையே நியூசிலாந்தின் மாஹியாவுக்கு மாற்றினார்கள். 2023 மே மாதத்தில் மூன்று வாரத்துக்குள் அதன் எலக்ட்ரான் ராக்கெட்டுகள் இரண்டு பறந்து நான்கையும் இடம் சேர்த்தன. அன்றைக்கு எலக்ட்ரானின் விலை 75 லட்சம் டாலர் அளவில் இருந்தது. அஸ்ட்ரா கேட்டதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

மலிவாகச் சொன்னவன் இன்று பங்குச் சந்தையில் இல்லை. மூன்று மடங்கு வாங்கியவனும் இன்னும் லாபம் பார்த்தபாடில்லை, 2024 கணக்குப்படி. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தத் தொழில் பிடிபடும்.

2021-ல் மூன்று சின்ன ராக்கெட் கம்பெனிகள் ஒரே வாசல் வழியாகப் பங்குச் சந்தைக்குள் நுழைந்தன: ஜூலையில் அஸ்ட்ரா, ஆகஸ்டில் ராக்கெட் லேப், டிசம்பரில் விர்ஜின் ஆர்பிட். ஸ்பாக் என்பார்கள் அந்த வாசலை. தொழில் எதுவும் இல்லாமல் வெறும் பணப்பையாகப் பட்டியலான ஒரு கம்பெனி, நிஜமான ஒரு கம்பெனியைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும். இணைப்பு பிடிக்காத முதலீட்டாளர் போட்ட பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம். இந்தக் கடைசி விதி ஆளைக் கவிழ்க்கக்கூடியது. ராக்கெட் லேப் வந்தபோது சந்தையில் இன்னும் சூடு இருந்தது, 77.7 கோடி டாலர் கைக்கு வந்தது. நாலு மாதம் தள்ளி வந்த விர்ஜின் ஆர்பிட் 48.3 கோடி எதிர்பார்த்தது. பாதிக்கும் குறைவாக, 22.8 கோடிதான் தேறியது. அன்றைக்கு அஸ்ட்ராவுக்குப் போட்ட மதிப்பு சுமார் 210 கோடி டாலர், விர்ஜின் ஆர்பிட்டுக்கு 320 கோடி, ராக்கெட் லேபுக்கு 410 கோடி.

அஸ்ட்ரா கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ராக்கெட்டைச் சும்மா சட்டுப்புட்டென்று, கார் மாதிரி வரிசையில் செய்து, தினம் ஒன்று ஏவுவோம் என்றார்கள். பங்குச் சந்தைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2021 ஆகஸ்டில் அலாஸ்காவில் ஒரு ராக்கெட் ஏவுதளத்தை விட்டு மேலே போகாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. ஐந்து எஞ்சினில் ஒன்று எழும்பியவுடனே நின்றுவிட்டது. சில நொடிகள் நண்டு மாதிரி ஊர்ந்து வேலியைத் தாண்டி, எரிபொருள் கரைந்து எடை குறைந்ததும் மெல்ல ஏறத் தொடங்கியது. அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நிமிர்ந்து நின்றதற்கு அதன் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சுற்றுப்பாதையை எட்டவில்லை. அதன்பின் இரண்டு தடவை எட்டியது, ட்ராபிக்ஸ் உட்பட இரண்டு தடவை தவறவிட்டது. பிறகு அந்த ராக்கெட்டையே கைவிட்டார்கள். 2023-ல் 15 பங்கை ஒன்றாகச் சுருக்கினார்கள். 2024 ஜூலையில் அதைத் தொடங்கிய இருவரே பங்குக்கு 50 காசு, அதாவது அரை டாலர், கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

விர்ஜின் ஆர்பிட்தான் எனக்குச் சுவாரஸ்யமான தோல்வி. ரிச்சர்ட் பிரான்சனின் கம்பெனி. பழைய போயிங் 747 ஒன்றின் இறக்கைக்கு அடியில் ராக்கெட்டைக் கட்டிக்கொண்டு கடலுக்கு மேல் பறந்து, உயரத்தில் அவிழ்த்துவிடுவார்கள். ஓடுபாதை இருக்கிற எந்த ஊரும் ஏவுதளம் என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தொழில்நுட்பமும் பொய்யில்லை, ஆறு தடவை பறந்து நான்கில் ஜெயித்தது. இடித்தது கணக்கு. ஒரு தடவைக்குச் சுமார் 1.2 கோடி டாலர் வாங்கினார்கள். 2022 முழுக்கப் பறந்தது இரண்டே தடவை. கடைசியில் 675 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அது மொத்த ஊழியர்களில் 85 சதவீதம். அப்படியென்றால் ஏறக்குறைய 800 பேர் சம்பளத்தை இரண்டு பயணம் தாங்கவேண்டும். தலைக்கு முப்பதாயிரம் டாலர்தான் வரும். ராக்கெட் செய்கிற பொருளும் மண்ணெண்ணெயும் எந்தக் காசில் வாங்குவது? விமானத்துக்குப் பராமரிப்பு வேறு.

2023 ஜனவரி 9 அன்று இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து பறந்தது. பிரிட்டிஷ் மண்ணிலிருந்து சுற்றுப்பாதைக்கு முதல் முயற்சி என்று திருவிழாக் கூட்டம். இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் வடிகட்டி ஒன்று இடம் பெயர்ந்துவிட்டது. அந்தப் பொருளின் விலை சுமார் 100 டாலர் என்று கம்பெனித் தலைவரே சொன்னார். செய்திகள் எல்லாம் அந்த நூறு டாலர் வடிகட்டி கம்பெனியைக் கவிழ்த்ததாக எழுதின. எனக்கு அதில் உடன்பாடில்லை. வடிகட்டி சரியாக இருந்திருந்தால் சில மாதம் கூடுதலாக ஓடியிருக்கும், அவ்வளவுதான். ஏப்ரல் 4-ல் திவால் மனு போட்டார்கள்.

சரி, இவர்கள் எல்லோருக்கும் பொதுவான எதிரி யார்? ஸ்பேஸ்எக்ஸ். 2019-ல் அது ஒரு கூட்டுப் பயணத் திட்டத்தை அறிவித்தது. பெரிய ஃபால்கன் 9-ல் பல பேர் செயற்கைக்கோள்களைச் சேர்த்து ஏற்றி, 200 கிலோவுக்கு 10 லட்சம் டாலர் என்று வைத்தார்கள். கிலோ 5,000. பிற்பாடு கொஞ்சம் ஏற்றினார்கள். 2021 ஜனவரியில் முதல் பயணத்திலேயே 143 செயற்கைக்கோள்கள் போயின. எலக்ட்ரான் 300 கிலோ தூக்கும். 75 லட்சத்தை வகுத்தால் கிலோ 25,000 டாலர். துருவங்களை ஒட்டிய சூரிய ஒத்திசைவுப் பாதைக்கு 200 கிலோதான், அப்போது 37,500. எடைபோட்டு விற்றால் சின்ன ராக்கெட்டுக்கு வாய்ப்பே கிடையாது.

ஆனால் ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டில்தான் போகும், உங்கள் தெருவுக்குள் வராது. ட்ராபிக்ஸ் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 30 டிகிரி சாய்ந்த பாதையில், குறிப்பிட்ட மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். கூட்டுப் பயணங்கள் பெரும்பாலும் துருவங்களை ஒட்டிய பாதைக்குப் போகின்றன. ராக்கெட் லேப் விற்பது தேதியையும் பாதையையும். ரேடார் படம் எடுக்கும் ஜப்பானிய, அமெரிக்கக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் செயற்கைக்கோள்களை ஏவி வலை பின்னும்போது அதற்குத்தான் காசு கொடுக்கின்றன. அந்தச் சந்தை சின்னது, ஆனால் நிஜம். 2024-ல் எலக்ட்ரான் 16 தடவை பறந்தது. விர்ஜின் ஆர்பிட் ஆயுசு முழுக்கப் பறந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல், ஒரே ஆண்டில்.

அப்புறம், ராக்கெட் லேப் பிழைத்ததற்கு எலக்ட்ரான் மட்டும் காரணம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 2020-லிருந்து அது கடை கடையாக வாங்கிப் போட்டது. செயற்கைக்கோளைத் திருப்பும் சுழல் சக்கரமும் நட்சத்திரம் பார்த்துத் திசை அறியும் கேமராவும் செய்யும் சின்க்ளேர். ராக்கெட்டிலிருந்து செயற்கைக்கோளைப் பிரித்துவிடும் சாதனம் செய்யும் பிளானட்டரி சிஸ்டம்ஸ். 8 கோடி டாலருக்கு சோலார் தகடு செய்யும் சோல்ஏரோ. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் சோலார் தகடு அந்தக் கடைச் சரக்குதான். போட்டியாளனின் ராக்கெட்டில் போகிற செயற்கைக்கோளிலும் இவர்கள் பொருள் இருக்கும். அதிலும் காசு. வருமானம் 2021-ல் 6.2 கோடி டாலர், 2022-ல் 21.1 கோடி, 2024-ல் 43.6 கோடி. இந்தக் கடைசித் தொகையில் பத்தில் ஏழு பங்கு ஏவுதலிலிருந்து வந்ததே இல்லை. அமெரிக்க ராணுவத்தின் விண்வெளி அமைப்பு ஒன்றுக்கு 18 செயற்கைக்கோள்கள் செய்து தர 51.5 கோடி டாலர் ஆர்டர் தனியாகக் கையில் இருக்கிறது.

இவ்வளவுக்கும் 2024 நட்டம் 19 கோடி டாலர். ஆராய்ச்சிச் செலவில் பெரும்பங்கை நியூட்ரான் தின்கிறது. 13,000 கிலோ தூக்கக்கூடிய, திரும்ப வந்து இறங்கக்கூடிய பெரிய ராக்கெட். முதல் பயணம் 2024 என்றார்கள், 2025 ஆனது, பிறகு 2026-க்குப் போனது. 5 கோடி டாலருக்குச் சற்று மேலே விலை வைத்து, சுமார் 7 கோடி கேட்கும் ஃபால்கன் 9-ஐ எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார்கள். இதற்காக 2024 பிப்ரவரியில் 35.5 கோடி டாலருக்கு, பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன் பத்திரம் விற்றார்கள். அந்த ஏப்ரலில் பங்கு விலை 4 டாலருக்கும் கீழே கிடந்தது. டிசம்பர் கடைசியில் 25 டாலர். எட்டு மாதத்தில் கம்பெனி ஆறு மடங்கு வளர்ந்துவிடவில்லை. நியூட்ரான் பறக்கும் என்ற நம்பிக்கையை அந்த விலை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறது. நான் கம்பெனியை மதிக்கிறேன், அந்த விலையை அல்ல.

நம் பக்கமும் இதே கணக்குதான் காத்திருக்கிறது. சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல் 2024 மே 30 அன்று, ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினோடு ஒரு சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் தொழில்நுட்பத்தை, விமானம் செய்யும் அரசுக் கம்பெனியான எச்ஏஎல் 511 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. குலசேகரன்பட்டினத்தில் சின்ன ராக்கெட்டுகளுக்கென்றே தளம் கட்டுகிறார்கள். அங்கிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்கவேண்டாம். கிலோ விலை என்ன என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வருடத்துக்கு எத்தனை தடவை பறக்கும், இடையில் சம்பளம் எந்த வேலையிலிருந்து வரும் என்று நான் கேட்பேன்.

விர்ஜின் ஆர்பிட்டின் சாமான்கள் 2023 மே மாதம் ஏலத்துக்கு வந்தன. விமானம் 1.7 கோடி டாலருக்கு ஸ்ட்ராடோலாஞ்ச் என்ற கம்பெனிக்குப் போனது. கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் இருந்த ஆலையின் குத்தகை, எந்திரங்கள், கருவிகள் எல்லாவற்றையும் 1.61 கோடி டாலருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு எலக்ட்ரான் விலைக்கு, ராக்கெட் லேப் எடுத்துக்கொண்டது. நியூட்ரானின் எஞ்சின் வேலை இப்போது அந்தக் கட்டடத்தில்தான் நடக்கிறது.